ஒலிநாடா நாற்பத்தொன்று

ஹல் நகரத்தில், கம்பளக் கடைக்கு மேல்மாடி.
காலடியில் ஒரு மிதி, காதில் ஒரு கருவி.
மிதித்தால் பேசுவார்கள். விட்டால் நிற்பார்கள்.
மணிக்கு நான்கு பவுண்டு நாற்பது பென்ஸ்.

அகராதிக்காரர்களுக்குப் பேச்சு வேண்டுமாம்,
எழுத்து இல்லை, பேச்சு:
அடுப்படியில், பேருந்தில், பொரித்த மீன் வாங்கும் வரிசையில்
யாரும் கவனிக்காதபோது வாயில் வரும் இங்கிலீஷ்.

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது.
ஒரு வாக்கியமாவது முடிகிறதா?
"வெல்" என்று கதவைத் திறப்பார்கள்,
உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று
"ஐ மீன்" என்று வேறு செருப்பை மாட்டிக்கொள்வார்கள்.
"யூ நோ" என்பார்கள், தெரியாதவரிடம்.
"லைக்" என்பார்கள், எதைப்போலவும் இல்லாததற்கு.
பள்ளியில் என் டீச்சர் சிவப்பு மையால்
குத்திக் கொன்றதெல்லாம்
இங்கே உயிரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறது.

நாற்பத்தொன்று: கிரிம்ஸ்பி.
டோரின் பிளாஞ்சர்ட், அறுபத்தெட்டு.
உடன் இருப்பவர்: கணவர் வில்ஃப், மீன்துறையில் ஐஸ் உடைத்தவர்.
"பாஸ் அஸ் த திங்கி" என்கிறாள்.
எனக்கு என்பதற்கு அவள் ஊரில் எங்களுக்கு.
எந்தத் திங்கி என்று அவர் கேட்கவில்லை.
இழுப்பறை திறக்கும் சத்தம்.
"டா, லவ்."
நன்றிக்கு அவர்கள் வைத்திருக்கும் ஒற்றை எழுத்து.
அது என்ன பொருள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

கையேடு, பக்கம் ஒன்பது:
பொருளற்ற சிற்றொலிகளை நீக்குக.
நீக்கினேன்.
நாற்பத்தைந்து நிமிடத்தில் வில்ஃப் சொன்னது
ஒரு "நோ", இரண்டு "ரைட்",
மிச்சமெல்லாம் "ம்".
அச்செடுத்துப் பார்த்தால்
ஒரு பெண் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் நாடாவின் மறுபக்கம் வந்தது.
படிவத்தில்
உடன் இருப்பவர் என்ற கட்டம் காலி.

"கோல்ட், இன்னிட்."
பதில் கோராத கேள்வி என்று கையேடு சொல்லும் அதை.
வாக்கியத்தின் வாலில் தொங்கும் கொக்கி அது,
எதிராளின் வாயில் மாட்டத்தான்.
இடைவெளியை அளந்து எழுத வேண்டும்: நான்கு நொடி.
கெட்டில். ஆறு நொடி.
"சோ, யா. வெல்."
பதினொரு நொடி.

அழைப்பு மணி.
கொதிகலன் பழுதுபார்க்கும் பையன்.
ஸ்பேனர் சத்தத்துக்கு நடுவே அவள்
மருமகளை, பூனையை, கவுன்சில் வரியைச்
சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டு
"அண்ட் ஸ்டஃப்" என்று மூட்டை கட்டி வைக்கிறாள்.
அவன் தலை பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டும்.
தகரம் சுற்றிய குரலில்
"ம்" என்றான்.
அவள் பேச்சு வேகமெடுத்தது.
"ம்."
இருபது நிமிட வேலை ஒரு மணி நேரம் ஆனது.

மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
நாடாவைத் திருப்பிப் போட்டேன், முதல் பக்கம்,
சம்பளம் இல்லாத நேரம்.
அவள் மூச்சு வாங்கும் இடந்தோறும்
தனி வரி, தனிப் பெயர்.
வில்ஃப்: ம்.
வில்ஃப்: ம்.

மேலாளர் தேக்கர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.
பக்கம் ஒன்பதை விரலால் தட்டினார்.
"ஐ நோ," என்றேன், "பட், லைக்..."
முடிக்கத் தெரியவில்லை.
விளக்கை அணைக்காமல் போனார்.

நூற்றெழுபதாவது
ம் என்பதா, இருமலா,
மூன்று முறை மிதித்துக் கேட்டும் புரியவில்லை.
அதையும் சேர்த்தேன்.