ஈய ஆணிகள்

மொராக்கும் நானும் குடிலின் கூரைமேல்.
பழைய தகரம், பழைய ஆணிகள்,
தலையெல்லாம் ஈயம்.
நாக்குக்கு இனிக்குமாம்.
கியாக்களுக்கு அது தெரியும்.

விடியலிலேயே வந்துவிட்டன, நான்கு,
பீச் காடு முடிந்து புல் தொடங்கும் விளிம்பிலிருந்து
கீ... ஆ என்று
தம் பெயரைத் தாமே கூவிக்கொண்டு.
சேற்றில் புரட்டிய பச்சை.
சிறகு விரித்தால் மட்டும் அடியில் தணல்.

ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றி இன்னும் மஞ்சள்.
இளசு.
பக்கவாட்டில் தத்தித் தத்தி வந்தது,
கடன் கேட்க வருகிறவனைப் போல.
என் கையுறையைக் கவ்வி, கடித்து,
பள்ளத்தில் போட்டது.
விழும் ஓசைக்காகத் தலை சாய்த்துக் காத்திருந்தது.
கையுறைக்கு ஏது ஓசை.

மொராக் பிடுங்குகிறாள்.
நான் திருகாணி முடுக்குகிறேன்.
வாளிக்கு மூடி போட்டோம்.
மூடிமேல் கல் வைத்தோம்.
கல்லை உருட்டிவிட்டன.
கடைசியில் வாளிமேல் நானே உட்கார்ந்தேன்.

"போன ஆகஸ்டில் அந்தப் பாறைக்கு அடியில் ஒருத்தி,"
சுத்தியலால் காட்டினாள் மொராக்.
"முட்டைகள் மேல் படுத்தபடியே.
பக்கத்தில் போனேன். எழவில்லை."
அடுத்த ஆணிக்கு நகர்ந்தாள்.

மூன்று மணிக்கு மேகம் ஏறியது.
இருநூற்றுப் பதினொரு ஆணிகள்.
ஏணியில் பாதி இறங்கியபோது
தகரத்தில் சர்ரென்று ஒரு சத்தம்:
இளசு, மல்லாந்து,
உச்சியிலிருந்து விளிம்புவரை சறுக்கிக்கொண்டு.
ஏறியது. மறுபடி சறுக்கியது.

மற்ற மூன்றும்
என் திருகாணி ஒன்றைச் சுற்றி நின்றன.
ஒன்று அலகை வைத்துத் திருகிப் பார்த்தது,
இடப்பக்கமாக.
சரியான பக்கம்தான்.