நடுவிலிருந்து

றேடியேற்றர் மூடியைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டால்
சூடேறும் முன்பே தண்ணீர் குமிழ் விட்டது.
எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தோம்:
காலி வீதிக் கடையொன்றின் பால் தேத்தண்ணி.
"ஹெட் போய்ட்டு" என்றார் கீழ்வீட்டு இல்ஹாம்
மையித்து வீட்டுக்குப் போய்வந்த குரலில்.

கராஜில் கேட்ட கூலிக்கு
இன்னொரு பஜெரோவில் பாதி வாங்கலாம்.
ஆகவே நாலு நாள் லீவு,
தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய்,
இல்ஹாமின் சொக்கட் பெட்டி
(பதினேழாம் நம்பர் மட்டும் இல்லை).

வெள்ளவத்தையில் கடற்காற்று
ஆட்களுக்கு முதல் நட்டுகளில் குடிவந்துவிடும்.
புகைக்குழாய்ப் பக்கத்து நட்டொன்று
கழரவில்லை, முறிந்தது.
அதற்கே ஒரு பகல் போனது.
கழற்றிய குழாய்களுக்குச் சுகிர்தா பெயர் ஒட்டினாள்,
வங்கியில் காசோலைகளுக்கு எழுதுகிற அதே வட்டெழுத்தில்:
மேல் இடது. பம்புக்குப் போவது.
தெரியாதது ஒன்று. தெரியாதது இரண்டு.

மூன்று பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி
பழைய படுக்கை விரிப்பில் கிடத்தினோம்.
இரண்டாம் சிலிண்டரில், வால்வுக்கும் வால்வுக்கும் இடையில்,
சீப்பில் மிஞ்சிய மயிர் போல ஒரு வெடிப்பு.
"எப்ப வந்திருக்கும்?" என்றார் இல்ஹாம்.
வயசு, வெயில், மலிவு கூலன்ட் என்றேன்.

எனக்குத் திகதியே தெரியும்.
ஒரு சனிக்கிழமை, கடுகண்ணாவை ஏற்றம்.
ஊசி சிவப்புக்குள் போனதைக் கண்டேன்.
கண்டும் மிதித்தேன்.
நிறுத்தினால் எஞ்சின் அடங்கிவிடும்;
அடங்கினால்
பேராதனையிலிருந்து அவள் சொல்லிக்கொண்டு வந்தது
முழுதாகக் கேட்டுவிடும்.

பஞ்சிகாவத்தையில் முதலாளி
ஜப்பானில் கழற்றிய ஹெட் ஒன்றை
ஸ்பெனரால் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்தார்,
தேங்காய் வாங்குகிற மனிதரைப் போல.
நானும் தட்டினேன். ஒன்றும் விளங்கவில்லை. தலையாட்டினேன்.
ஆட்டோவில் அது சீற்றில் வந்தது, நான் ஓரத்தில்.
கஸ்கட்டில் இரண்டு வெட்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று;
திரும்பப் போனேன்.
போன நேரத்தில் ஒரு வாஷர் எண்ணெய்த் துவாரத்துக்குள் விழுந்திருந்தது.
யார் கை என்று யாரும் சொல்லவில்லை.
உடைந்த ரேடியோவின் காந்தத்தை நூலில் கட்டி
ஒரு மணித்தியாலம் தூண்டில் போட்டாள் சுகிர்தா.
டிக் என்ற சத்தம்.
அந்த வருசத்தில் அவள் சிரித்ததை
அப்போதுதான் எண்ணத் தொடங்கினேன்.

கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது, போட்டோ கொப்பி.
வாசிக்க முடிந்தவை இலக்கங்கள் மட்டும்.
பதினெட்டு போல்ட்.
கழற்றும்போது ஓரத்திலிருந்து உள்ளே,
இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே.
ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது:
முதல் சுற்று கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம்,
மூன்றாம் சுற்றில்தான் முழுப் பலமும்.
அவள் டோர்ச்சைப் பிடித்து எண் சொன்னாள்.
ஒன்று. இரண்டு.
"மூண்டு அந்தப் பக்கம்."
மாத்தறை ரயில் போனபோது எண்ணிக்கையை நிறுத்தி
அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.
நானும் கைப்பிடியை விடாமல் நின்றேன்.

எட்டாம் முறை திறப்பைத் திருகியபோது பற்றியது.
வெள்ளைப் புகை மூன்றாம் மாடி உடுப்புக் கொடி வரை போக,
மேலிருந்து ஒருவர் சிங்களத்தில் எங்கள் பரம்பரையை விசாரித்தார்.
புகை மெலிந்தது. குமிழ் இல்லை.
ஊசி பாதியில் ஏறி அங்கேயே உட்கார்ந்தது.

பானட்டுக்கு அந்தப் பக்கம்
சுகிர்தாவின் வாய் அசைந்தது.
திறப்பைப் பின்னுக்குத் திருப்பினேன்.
ஒழுங்கை முழுவதும் சட்டென்று காது.

"என்ன சொன்னனீர்?"

"அந்தச் சேட்டைக் கழட்டுங்கோ.
ஊறினால் எண்ணெய் போகாது."
பிறகு டோர்ச்சை அணைத்தாள்.
"மற்றதும் இருக்கு. கையைக் கழுவிட்டு வாங்கோ."