மூன்றாவது உறை

காலை எட்டு மணி, மெர்டேக்கா சதுக்கம்.
என் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்து
காலி என்று ஒரு பையன் கையெழுத்திட்டான்.
சட்டையில் குத்திக்கொள்ள எண் தந்தார்கள்: 117.
ஆறு மணி நேரம். ஆறு உறை.
உறைக்குள் ஒரு சொல், சொல்லுக்கு ஒரே படம்.
அழிக்கக் கூடாது, வரிசை மாறக் கூடாது,
விரல் தவறினால் தவறியதுதான் படம்.

பக்கத்தில் நின்றவரின் லென்ஸ்
சோற்றுப் பானை அளவு.
என்னுடையது தவணையில் வாங்கியது,
இன்னும் ஏழு மாதம் பாக்கி.

முதல் சொல் 'இரண்டு'.
கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் முனைக்கு
இருநூறு பேர் ஓடினார்கள், நானும் ஓடினேன்.
இரண்டுக்கும் ஒரே தேத்தண்ணீர் நிறம்.
எது எந்தத் தண்ணீர் என்று
ஆற்றுக்கே தெரியாத அந்த இடத்தில்
பாலத்துக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த
ஒற்றைக் காலுறையை எடுத்தேன்.
இன்னொன்று எங்கோ இருக்குமில்லையா.

அடுத்தது 'காத்திருப்பு'.
ஞாயிற்றுக்கிழமை கோத்தா ராயாவில்
அதைத் தேட வேண்டியதில்லை.
பணம் அனுப்பும் கடை வாசலில்
வரிசைச் சீட்டைக் கசக்கிப் பிடித்திருந்த
ஒரு முஷ்டி.
முகம் வேண்டாம் என்று அவர் தலையசைத்தார்.
எனக்கும் வேண்டாம் என்றேன்.

பத்து மணிக்கு மூன்றாவது உறை.
'சிவப்பு'.

கூட்டம் பெட்டாலிங் தெருவுக்குத் திரும்பியது:
விளக்கு, ஊதுவத்தி, கோயில் தூண்.
எனக்கோ நகரத்திலேயே நல்ல சிவப்பு
எங்கே இருக்கிறதென்று தெரியும்.
செந்தூல், எங்கள் வீட்டு கேட்.

போன மாதம் விடியற்காலை மூன்று மணிக்கு
அலோங் ஆட்கள் வாளியோடு வந்து ஊற்றிவிட்டுப் போனது.
தம்பி யுகேன் வாங்கியது எட்டாயிரம் வெள்ளி.
அது இப்போது எவ்வளவென்று
அவர்களுக்கே கணக்கு மாறும்.
அவன் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி
விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள்.
எங்கள் வீட்டிலிருந்து
காட்சிக்குப் போன முதல் படம் அதுதான்.

முதல் பரிசு மூவாயிரம்.
ரயிலில் நின்றுகொண்டே மனதுக்குள் சட்டகம் போட்டேன்:
இடது மூலையில் பூட்டு,
வழிந்து உறைந்த சாயம் குறுக்காக,
கீழே அம்மாவின் செருப்பு.
நடுவர்கள் மூச்சை இழுப்பது கேட்டது.
கூசியது.
ஆனாலும் பண்டாராயாவில் இறங்கவில்லை,
தித்திவங்சாவிலும் இறங்கவில்லை.

தெருமுனை திரும்பினால்
கேட் பச்சை.

பாதிதான். மேல் பாதி.
பக்கத்து வீட்டு லியோங்
கைலியை மடித்துக் கட்டி
முக்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்.
அவர் கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய பெயிண்ட்.
"என் சுவத்துலயும் தெறிச்சிருந்துச்சு," என்றார்,
ஏதோ மன்னிப்புக் கேட்பவர் போல.
யுகேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"சிவப்பு மேல ஒரு கோட்டு பத்தாது.
ரோலர் என்கிட்ட. பிரஷ் வேணுமா?"

பத்து நாற்பது.
கீழ்ப் பாதியில் இன்னும் இருந்தது சிவப்பு,
நான் போட்ட சட்டகத்துக்குப் போதுமான அளவு.
கேமராவைத் தூக்கினேன்.
அவர் மரியாதையாக நகர்ந்து நின்றார்,
ரோலரிலிருந்து பச்சை சொட்டச் சொட்ட.
தாழ்த்தினேன்.

பிறகு எடுத்தேன்,
இரண்டாவது கோட்டும் அடித்த பின்னால்.

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.
நான்காவது உறையில் என்ன சொல் இருந்ததென்று
எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவில்லை.
கார்டில் மூன்றாவது படம்
ஈரப் பச்சையில் ஒரு கேட்.
தலைப்பு: சிவப்பு.

117ஐக் கழற்றிக் கை துடைத்துக்கொண்டேன்.
பத்துமலைப் பக்கம் மேகம் கறுத்தது.
"மழை வராட்டி சாயங்காலம் காஞ்சிரும்,"
என்றார் லியோங்.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.