சில்லு

வெள்ளி மாலை, ரூவி,
கிடங்குக்குப் பின்னே வாலிபால்.
பாதம் நின்ற இடத்தில் நின்றது,
உடம்பு மட்டும் திரும்பிவிட்டது.
நொண்டியாட்டத்தில் தவறி எறிந்ததுபோல்
சில்லு கட்டம் தாண்டிக் கிடந்தது,
முழங்காலுக்கு வெளிப்புறமாக.

சூடான் நாட்டு டாக்டரம்மா
பேச்சுக் கொடுத்தபடியே காலை நீட்டினார்.
க்ளக்.
"எத்தனையாவது தடவை?"
"முதல்."
மூன்றாவது.
அவர் எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"உன் எலும்பில் பள்ளம் ஆழமில்லை, பிறவியிலேயே.
நாரும் தளர்வு.
ஒருமுறை வழுக்கிய சில்லு வழியை மறக்காது."

மூன்று வாரம் பட்டை.
பிறகு
சுருட்டிய துண்டை முழங்காலடியில் வைத்து
அழுத்து, பத்து எண்ணு, விடு.
இன்னொரு தடவை என்றால் அறுவைதான்.

கேம்ப்பில் எனக்கு மேல்கட்டில்.
மரியசூசை ஒன்றும் கேட்கவில்லை;
தலையணையோடு ஏறிக்கொண்டான்.

விளக்கணைத்த பிறகு அழுத்துகிறேன்.
ஏழில் நிறுத்துகிறேன்.
மேலிருந்து
எட்டு என்கிறான்.