குறைந்தபட்சத் தேவைகள்

செக்காலை ரோட்டில் எவர்சில்வர் கடைக்கு மேலே
மூன்று கணினி, ஒரு ஏசி,
தை மாத முகூர்த்தங்களின் முந்நூறு மணி நேரம்.
பிச்சப்பன் ஸ்டூடியோவுக்கு
பொதுச் சேமிப்பகம் நிறுவ வந்திருக்கிறேன்.
கையில் பதினோரு பக்கத் தாள்:
எதோடு எது சேரும்,
எதோடு எது சேராது.

'ஜாதகம் மாதிரி இருக்கேம்மா' என்கிறார்.
ஆமாம் என்றேன்,
இதில் பரிகாரம் மட்டும் எழுதவில்லை.

நினைவகம் பதினாறு ஜிபி.
சிக்கந்தரின் பெட்டியில் முப்பத்திரண்டு. தேறிவிட்டது.
லூர்துராஜ் வைத்திருப்பது எட்டு.
இன்னொரு எட்டை மதுரையிலிருந்து
பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லியாயிற்று.
கண்டக்டர் பெயரும் வண்டி நம்பரும்
என் உள்ளங்கையில், பேனா மையில்.

அடுத்தது கம்பி.
ஒரு ஜிகாபிட் போதாது, பத்து வேண்டும்.
சுவரோ இரண்டு முழக் கனம்.
டிரில் முனை இரண்டு உடைந்தபின்
கீழ்க்கடைக்காரர் படியேறி வந்து
'அடுக்கி வச்ச குடமெல்லாம் ஆடுதுங்க' என்கிறார்,
கோபமாகவும் இல்லை,
தகவலாகவும் இல்லை.

நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
இயங்குதளப் பதிப்பு
பன்னிரண்டுக்குக் கீழே ஆதரவு இல்லை.
அழகுமீனாள் திரும்பிப் பார்க்கவில்லை.
அவளுடைய இயந்திரம் பத்தோடு நின்றுபோனது.
அதற்கு மேல் ஏற்றினால்
சீட்டுப் பணத்தில் வாங்கிய
வண்ணத் திருத்த மென்பொருள் திறக்காது.
கூறைப்புடவையின் சிவப்பு
கழுத்துருவின் பொன்னைத் தின்றுவிடாமல்
பிரித்து நிறுத்த
அவளுக்குக் கைவசம் அது ஒன்றுதான்.

'அந்தப் பெட்டிய விட்டுட்டு
மத்த ரெண்டையும் சேத்துருங்க.'
பிச்சப்பன் சொன்னது என்னிடம்.
கேட்டது அவளுக்கு.

ஆதரவு இல்லை என்றால்
ஓடாது என்று பொருளில்லை.
ஓடி, ஒரு நாள் நின்றுபோனால்
யாரும் போனை எடுக்கமாட்டார்கள்
என்று பொருள்.

பழைய நெறிமுறையில் ஒரு கதவு உண்டு.
வாசிக்க மட்டும் என்று திறந்தேன்.
பிறகு, யாரையும் கேட்காமல்,
எழுதவும் என்று மாற்றினேன்.

நாலு மணிக்குச் சோதனை.
கண்டனூர்க் கல்யாணம், ஒரே கோப்பு, மூன்று பேர்.
சிக்கந்தர் சேமித்தது நாலு எட்டுக்கு.
அழகுமீனாள் நாலு பத்துக்கு.
நாலு பதினொன்றுக்கு அவள் கேட்டாள்:
'திருப்பூட்டுற இடம் எங்கே?'

இல்லை.
அவள் திருத்திய ஆறு நிமிடமும் இல்லை.
புதியதை வைத்துக்கொள், பழையதைத் தள்ளு:
அமைப்பு விதியைத்தான் பின்பற்றியிருக்கிறது.
அவளுடைய நாலு பத்து
அதன் கண்ணுக்கு நாலு ஆறு.

உள்ளே பட்டன் பேட்டரி செத்துப்போய்
எட்டு மாதம் ஆகிறதாம்.
தினமும் காலையில் ஏறி வரும்போது
பாத்திரக்கடைக் கடிகாரத்தைப் பார்த்து
கையால் நேரம் வைத்துக்கொள்வாள்.
பாத்திரக்கடை
நாலு நிமிடம் பின்னால் ஓடுகிறது.

ஒன்பதாம் பக்கம் காப்பாற்றியது.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்
தன்னைத்தானே படி எடுத்துக்கொள்ளும் வட்டிலிருந்து
நாலு பத்தை மீட்டோம்.
மாப்பிள்ளையின் விரல் மறுபடி நடுங்கியது,
சிவப்பு சிவப்பாக, பொன் பொன்னாக.

எதிர்க் கைக்கடிகாரக் கடையில்
பேட்டரி நாற்பது ரூபாய்.
பிச்சப்பனே இறங்கிப்போய் வாங்கிவந்தார்,
மீதிச் சில்லறையை எண்ணியபடி.
பதிப்பு பத்து பத்தாகத்தான் இருக்கிறது.
அதைப் பற்றி அவர் பேசவில்லை,
நானும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது நான்காம் பக்க ஓரத்தில்
எழுதிவைத்தேன்:
மூன்றாம் கணினி, பழைய கதவு,
எழுதும் உரிமை உண்டு.
நின்றால் கூப்பிட வேண்டிய எண்,
என்னுடையது.

புதுவயல் பஸ்ஸில் கால் வைக்கும்போதே
போன் அடித்தது.
அழகுமீனாள் இல்லை, லூர்துராஜ்.
மதுரை வண்டி வந்துவிட்டதாம்,
கண்டக்டர் பெயர் என்ன என்கிறான்.

உள்ளங்கையை விரித்தேன்.
வியர்வையில் கலைந்து கிடந்தது நீலம்.
ஒரு 'மு' தெரிகிறது,
அதற்குப் பின்னால் என்னவோ.