டயர் கடைக்கு மேல்மாடி

எங்கள் பட்டணத்துக்கும் வந்துவிட்டன
ஆறு டயாலிசிஸ் நாற்காலிகள்.
டயர் கடைக்கு மேல்மாடி. லிஃப்ட் கிடையாது.
இருபத்திரண்டு படி.
பதினேழில் நின்று மூச்சு வாங்குவேன்,
கீழே எவனோ செம்பனை லாரிக்குச் சக்கரம் கழற்றுவான்.

போன வருஷம்வரை ஈப்போ.
மூன்றரை மணிக்கு வேன்.
போக வர நாற்பது வெள்ளி,
திரும்பும்போது தாப்பா தாண்டினால் வாந்தி.
பக்கத்து சீட்டில் அஞ்சலை
பிளாஸ்டிக் பையைப் பிரித்து நீட்டுவாள்,
திட்டிக்கொண்டே.

இங்கே மிஸி நோரைனி.
ஊசியை எடுத்ததும்
"வலிக்கும், கொஞ்சம்" என்கிறாள்.
மற்றதெல்லாம் மலாய்தான்.

யாரிடம் படித்தாய் என்றேன்.
ஈப்போவில் ஒரு மாக்சிக், மூக்குத்தி போட்டவர்,
ஒவ்வொரு ஊசிக்கும் ஏசுவார்,
முன்கூட்டியே சொல்லித் தொலையேன் என்று.
இப்போது வருகிறாரா?

நான் ஆறாவது நாற்காலியைப் பார்த்தேன்.
அதற்கு இன்னும் ஆள் போடவில்லை,
உறை பிரிக்காமல் கிடக்கிறது.

நாலு மணி நேரம்
என் இரத்தம் வெளியே போய் வந்தது.
வீடு பதினோரு நிமிஷம்.
சோறு சூடாகவே இருந்தது.