ஒன்பது துளைகள்

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
சுண்ணாம்பு மூட்டைகள் வந்து சேர்ந்தபோது
பாதிக்குப் பாதி நனைந்திருந்தன.
சேலத்துல கொளுத்துது சார், என்றார் லாரிக்காரர்.
இங்கே மூடுபனி
உடைந்த ஓடு வழியாக இறங்கி
பீடத்தின் முன் நின்றுகொண்டிருந்தது,
பூசைக்கு முந்தியே வந்துவிட்ட ஆள் மாதிரி.

முதல் வேலை,
எழுபத்தெட்டில் யாரோ பூசிய சிமெண்டை உதிர்ப்பது.
சுவரின் ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தது அது.
அதன் கீழே நீலம்.
நீலத்தின் கீழே பாசிப்பயறுப் பச்சை.
பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
சாமியாருக்கு ஒரு கலர் போல சார்
என்று சிரித்தான் பெலவேந்திரன்.
சிரித்த வாயில் தூசி.

பதினோராம் நாள்
சிவப்பு ஆக்சைடுத் தரையைக் கொத்தி எடுத்தோம்.
கீழே கல்பாவு.
அதன் குறுக்கே, சுவருக்குச் சுவர்,
ஒரே இடைவெளியில்
ஒன்பது துளைகள்.
ஈயம் உருக்கி ஊற்றிய கறை இன்னும் இருந்தது.

பழைய வரைபடத்தை விரித்தேன்.
இரும்புக் கிராதி.
அதற்கு முன்னே நாற்காலிகள், பன்னிரண்டு,
ஒவ்வொன்றிலும் ஒரு துரையின் பெயர்.
பின்னே வெறும் கட்டம்.
அதில் எதுவும் எழுதவில்லை.

ஆலோசகரின் அறிக்கையில்
'அசல் நிலைக்கு மீட்டெடுத்தல்' என்ற தலைப்பின் கீழ்
கிராதியும் சேர்ந்திருந்தது.
தாதகாப்பட்டிப் பட்டறையில் விலைகூடக் கேட்டாயிற்று,
பூவேலைப்பாடு தனி.

ஞாயிறு பூசை முடிந்ததும்
காப்பி பறிக்கும் செங்கோல்மேரி
குனிந்து ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டார்.
கோயிலுக்குள்ள எதுக்குப்பா வேலி?
ஆடு மாடா மேஞ்சுது?

யாரும் வாய் திறக்கவில்லை.
விரலைச் சேலைத் தலைப்பில்
அழுத்தி அழுத்தித் துடைத்தார்.
கேட்டது தெரியாமல் அல்ல.

கமிட்டியில் ஒருவர் கிரானைட் போடலாம் என்றார்.
ஒருவர் துளைகளை மட்டும் அடைத்துவிடலாம் என்றார்,
சுண்ணாம்பால்தானே, சாஸ்திரப்படி.
நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி:
கிராதி வேண்டாம்.
துளைகளை அடைக்கவும் வேண்டாம்.

எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது
என்று போனில் கேட்டார் ஆலோசகர்.
கோபுரத்தின் மேல் மழை பிடித்துக்கொண்டது,
சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கூரை வேய்ந்தாயிற்று. சுவர் காய்கிறது.
சனிக்கிழமை சாயந்திரம்
பெலவேந்திரன் தரையைக் கூட்டுகிறான்.
ஒவ்வொரு துளையிலும்
விளக்குமாற்றின் ஈர்க்கு மாட்டுகிறது.

மாட்டட்டும்.